மெத்தென்ற கம்பளியும் மரத்துப்போன பாதமும்

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சர்க்கரை நோயாளிகள் பாதத்தைப் பராமரிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதிலைப் படித்துவிட்டு, கம்பளிக் காலுறை, ஆட்டுத்தோல் விரிப்பு, கம்பளிக் கொழுப்பு சேர்ந்த களிம்பு ஆகியவற்றைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். குளிர்நாடுகளில் பழக்கத்தில் உள்ள இந்தப் பொருள்கள் நம் கடற்கரை ஊர்களுக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்பது பொறுமையாகப் பேச வேண்டிய விஷயம் என்பதால், இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: என் கணவருக்கு 66 வயது. 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகப் பாதம் மரத்துப்போய், பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது என்கிறார். பிரான்ஸில் வேலை செய்யும் எங்கள் மகன் மெரினோ கம்பளிக் காலுறை ஆறு ஜோடியும், உள்ளே ஆட்டு ரோமம் வைத்த செருப்பு ஒரு ஜோடியும் அனுப்பியிருக்கிறான். நம் ஊர் வெயிலுக்கு இவை ஒத்துவருமா? வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. காலுறையை மட்டும் போட்டுக்கொண்டு நடந்தால் போதாதா?
(வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: அம்மா, தாங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் காலுறையை மட்டும் அணிந்துகொண்டு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. சர்க்கரை நோயாளிகளின் பாதம் பற்றிய சர்வதேச வழிகாட்டுதல்கள் வெறுங்காலோடு நடப்பதையும் காலுறையோடு மட்டும் நடப்பதையும் ஒரே வரியில் வைத்துத்தான் தடுக்கின்றன. காலுறை, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், கீழே விழுந்து கிடக்கும் குண்டூசியைத் தடுக்காது. வழவழப்பான தரையில் வழுக்கவும் செய்யும். உணர்வுள்ள காலில் ஒரு சிறு கல் பட்டாலே நாம் நம்மை அறியாமல் காலை எடுத்துவிடுகிறோம். உங்கள் கணவரோ அந்தக் கல்லின் மேலேயே நாள் முழுவதும் நடந்துவிட்டு, இரவில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொள்வார்.

இதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று நம் தமிழ்நாட்டு வேலூர் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் தாமாக அழுகிவிடுவதில்லை என்றும், வலி தெரியாத காரணத்தால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தி நடப்பதாலேயே புண்ணாகின்றன என்றும் நிறுவினார். பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, அதே கருத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்காகப் பழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். (நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர்) செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதித் தருகிறோம். அதன் உட்பகுதி ரப்பர் விரலால் அழுத்தினால் அமிழும். அடிப்பகுதி முள் ஏறாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும்.

ஆகவே, வீட்டுக்குள் பயன்படுத்தத் தனியாக ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள். அது வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் வீட்டின் சுத்தத்துக்கு ஒரு குறையும் வராது. பின்பக்கம் வார் உள்ளதாகவும், பெருவிரல் இடுக்கில் வார் நுழையாததாகவும் இருக்க வேண்டும். மரத்துப்போன காலிலிருந்து செருப்பு கழன்று விழுவதே சிலருக்குத் தெரிவதில்லை. நான்கு அடி தள்ளிப் போன பிறகு வீட்டார்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மகன் அனுப்பிய காலுறைக்கு வருவோம். மெரினோ என்னும் செம்மறி இனத்தின் ரோமம் மிக மெல்லியது. நல்ல ரகம் 17 முதல் 19 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். நம் தலைமுடி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் தடிமன் உள்ளது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. பருத்தியும் ஈரத்தை வாங்கும், ஆனால் தொப்பலாகி அப்படியே தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத் தோலும் ஈரத் துணியும் உரசும்போதுதான் கொப்புளம் எழும்புகிறது. கம்பளியின் சிறப்பு இந்த உரசலைக் குறைப்பதில் இருக்கிறது. அது நரம்பைச் சரிசெய்யாது, இரத்த ஓட்டத்தைக் கூட்டாது, சர்க்கரையைக் குறைக்காது.

உங்கள் கணவர் பெரும்பாலும் திறந்த செருப்பு அணிபவர் என்றால், சித்திரை, வைகாசியில் அவருக்குக் கம்பளிக் காலுறை தேவையே இல்லை. மூடிய காலணி அணிந்து வெளியே போகும் நாட்களிலும், மார்கழி, தை மாத விடியற்காலைகளில் பாதம் சில்லிடும்போதும் பயன்படுத்தலாம். பாதம் குளிர்கிறது என்று வெந்நீர்ப் பையை வைப்பதும், வெந்நீரில் காலை ஊறவைப்பதும் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கின்றன. சூடு தெரியாத பாதம் வெந்துபோய், தோல் உரிந்து வருபவர்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். அந்த வெந்நீர்ப் பையின் இடத்தில் ஒரு மெல்லிய கம்பளிக் காலுறையை வையுங்கள். மகன் செலவழித்த பணத்துக்கு அதுவே பெரிய பயன். ஒரு பாதம் மட்டும் எப்போதும் சில்லென்று இருந்தாலோ, சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் விட்டாலோ, அது குளிர் இல்லை. இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறு ஜோடியில் வெள்ளை அல்லது வெளிர் நிறம் எத்தனை என்று பாருங்கள். அவற்றையே தினமும் அணியட்டும், கறுப்பை ஒதுக்கிவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவரின் வெள்ளைக் காலுறையில், பெருவிரலுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவில் காப்பிக் கறை போல ஒரு வட்டம் இருந்தது. ஓரம் காய்ந்து விறைத்திருந்தது, நடுப்பகுதி மட்டும் லேசாக ஈரமாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் காய்ப்புக்கு அடியில் புண். அவருக்கு வலியே இல்லை; அவருடைய மருமகள் துணி துவைக்க எடுத்தபோது கண்டுபிடித்தார். கறுப்புக் காலுறையாக இருந்திருந்தால் அது இன்னும் எத்தனை நாள் மறைந்திருக்குமோ தெரியாது. தையல் தடித்திருக்கும் காலுறையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி அணியலாம். மேல்விளிம்பின் எலாஸ்டிக் கெண்டைக்காலில் பள்ளம் விழுமளவுக்கு இறுக்கக் கூடாது.

ரோமம் வைத்த செருப்பை நடப்பதற்குக் கொடுக்காதீர்கள். அடிப்பகுதி மெத்தென்று இருப்பதால் முள்ளைத் தடுக்காது, உள்ளே ஒரு கல்லோ பூச்சியோ கிடந்தால் ரோமம் அதை மறைத்துவிடும். குளிர் நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும்போது அணிந்துகொள்ளட்டும்.

*

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 48. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை. எட்டு மணி நேரமும் சேஃப்டி ஷூ போட்டிருக்க வேண்டும். கால் வியர்த்து, விரல் இடுக்குகள் வெள்ளையாக ஊறிப்போய் அரிக்கின்றன. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு போட்டால் இரண்டு நாளில் நிற்கிறது, மறுபடி வருகிறது. கம்பளிக் காலுறை போட்டால் சரியாகுமா? விரல்களுக்கு நடுவே ஆட்டு ரோமம் வைத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் ஒருவர் சொல்கிறார்.
(வாசகர், கடலூர்)

பதில்: ஐயா, கம்பளிக் காலுறையால் நம் ஊரில் உண்மையாகப் பயன் பெறக்கூடியவர்கள் உங்களைப் போல மூடிய காலணியில் வியர்த்து நிற்பவர்கள்தான். ஆனால் இப்போது இருப்பது சேற்றுப்புண் என்னும் பூஞ்சைத் தொற்று. முதலில் அது ஆற வேண்டும். இரண்டு நாளில் அரிப்பு நின்று மறுபடி வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று ஐயப்படுகிறேன். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். அந்தக் குழாயை மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சைக்கான மருந்து மட்டும் உள்ள களிம்பை, தோல் சரியானதாகத் தெரிந்த பிறகும் அவர் சொல்லும் நாள் வரை விடாமல் போட வேண்டும். விரல் இடுக்கில் விழும் அந்த மெல்லிய வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழைந்து, கால் முழுவதும் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கணுக்கால் அளவு தண்ணீரில் நாட்கணக்கில் நடந்த நம் மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

காலுறையைப் பற்றி: நைலான் ஈரத்தை மிகக் குறைவாகவே உள்வாங்கும் என்பதால் வியர்வை தோலின் மேலேயே தங்குகிறது. கம்பளியோடு சிறிதளவு நைலான் கலந்து நெய்த மெல்லிய காலுறை உங்கள் வேலைக்கு ஏற்றது. முழுக் கம்பளி சேஃப்டி ஷூவுக்குள் விரைவில் தேய்ந்து ஓட்டை விழும். ஒரு ஜோடியை அணிந்துகொண்டும், ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டும் போங்கள். உணவு இடைவேளையில் காலைத் துடைத்து, காலுறையை மாற்றுங்கள். காலணியும் இரண்டு ஜோடி இருந்து, ஒன்று விட்டு ஒரு நாள் அணிந்தால், மற்றது காய நேரம் கிடைக்கும்.

இங்கே பலர் தவறுவது ஓர் இடத்தில்தான். இப்போது கச்சிதமாக இருக்கும் அதே காலணிக்குள் தடித்த காலுறையைத் திணித்தால், மெத்தென்று இருக்க வேண்டிய கம்பளியே விரல்களை நெருக்கிப் புண்ணாக்கும். காலணியின் உள்நீளம் பாதத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். எந்தக் காலுறையை அணியப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பாருங்கள். முன்பக்க இரும்பு மூடியின் விளிம்பு விரல்களைத் தொடுகிறதா என்பதைக் கையை விட்டுத் தடவிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். காலின் சொல்லை நம்ப முடியாது.

விரல் இடுக்கில் ஆட்டு ரோமம் வைப்பது வெளிநாடுகளில் பழைய முறை. இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று உரசிக் கால் ஆணி வந்தவர்களுக்கு, சுத்தம் செய்த ரோமத்தைத் தளர்வாக இடையில் வைப்பார்கள். பஞ்சு போல அது கட்டியாக இறுகாது என்பது காரணம். சேற்றுப்புண் உள்ள இடுக்கில் அதை வைக்கவே கூடாது. ஆறிய பிறகும் தேவை என்றால் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எந்த நிலையிலும் ரோமத்தையோ நூலையோ விரலைச் சுற்றி வளையமாகக் கட்டாதீர்கள். வீக்கம் வந்தால் அது விரலையே நெரித்துவிடும்.

*

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை நோயோடு பக்கவாதமும் வந்து நான்கு மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார். இடது குதிகாலில் கருஞ்சிவப்பாக ஒரு தடம் தெரிகிறது. தோல் கிழியவில்லை. முன்பு ஒரு மருத்துவமனையில் கையுறைக்குள் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதையே வீட்டிலும் செய்கிறோம். ஆட்டுத்தோல் விரிப்பு வாங்கினால் படுக்கைப்புண் வராது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். விலை அதிகமாக இருக்கிறது. வாங்கலாமா?
(வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் ஒரு வரி மிக அவசரமானது. அந்தக் கருஞ்சிவப்புத் தடத்தை விரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் இன்னும் காலம் இருக்கிறது. நிறம் மாறாமல் அப்படியே இருந்தால், மேல் தோல் கிழியாமலே உள்ளே சதை நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே, புறங்கையால் தொட்டு, மற்றக் குதிகாலைவிட அது சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எப்படி இருந்தாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். கறுத்துக் காய்ந்த பொருக்கு உருவானால் அதைப் பிய்க்காதீர்கள்.

தண்ணீர் நிரப்பிய கையுறையை இன்றே எடுத்துவிடுங்கள். அன்போடு செய்யப்படும் இந்த முறை பல இடங்களில் இன்னும் தொடர்கிறது என்றாலும், படுக்கைப்புண் தடுப்பு வழிகாட்டுதல்கள் அதைக் கூடாது என்றே சொல்கின்றன. குதிகால் மிகச் சிறிய பரப்பு, அடியில் எலும்பு. தண்ணீர்ப் பை அந்த அழுத்தத்தை நீக்காது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் அப்படியே. ஓரத்தை நெரித்து நடுப்பகுதிக்கு இரத்தம் போவதைக் குறைக்கும்.

குதிகாலுக்குச் சிறந்த மெத்தை, எதன் மேலும் படாத வெற்றிடம்தான். ஒரு தலையணையை நீளவாக்கில் கெண்டைக்காலுக்கு அடியில், முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் வரை வையுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். எடை முழுவதும் கெண்டைக்காலில் பரவ வேண்டும், குதிகாலுக்கு மேலுள்ள நரம்பு போன்ற தசைநாணில் மட்டும் விழக் கூடாது. சரியாக வைத்துவிட்டீர்களா என்று பார்க்க, ஒரு தாளைக் குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே விட்டு இழுங்கள். எங்கும் தடைபடாமல் வந்தால் சரி. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அப்படியானால் ஆட்டுத்தோல் எதற்கு என்று கேட்பீர்கள். ரோமத்துடன் பதப்படுத்திய மருத்துவ ஆட்டுத்தோலுக்கு நல்ல சான்று இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் இடுப்புக்கு அடியில், முதுகெலும்பு முடியும் இடத்துக்கானது. நெதர்லாந்தின் பராமரிப்பு இல்லங்களில் 543 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டுத்தோல் மேல் படுத்தவர்களில் 8.9 சதவீதத்தினருக்கும், இல்லாதவர்களில் 14.7 சதவீதத்தினருக்கும் அந்த இடத்தில் புண் வந்தது. குறைந்தது என்பது உண்மை. அறவே வராது என்று உறவினர் சொன்னது உண்மையில்லை.

அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எப்படிப் பயன்படுத்துவது என்பது தானே புரியும். அடர்ந்த ரோமங்கள் நெருக்கமாக நின்று உடலின் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. நோயாளி கீழே சரியும்போது ரோமங்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்குவதால், தோல் இழுபடுவது குறைகிறது. வியர்வையின் ஆவியை உள்வாங்குவதால் தோல் ஊறிப்போவதில்லை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் இந்த மூன்றாவது குணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இத்தனை குணமும், தோல் நேரடியாக ரோமத்தின் மேல் பட்டால்தான் கிடைக்கும். படுக்கை நனையுமே என்று அதன் மேல் ரெக்சின் விரிப்பையோ மடித்த போர்வையையோ போட்டுவிட்டால், வாங்கிய பணம் வீண். மருத்துவத்துக்கென்று பதப்படுத்தியவை சிறுநீர் பட்டாலும் கெடாமல், 80 டிகிரி வெந்நீரில் துவைக்கக்கூடியவையாகச் செய்யப்படுகின்றன. அலங்காரத்துக்கு விற்கும் ஆட்டுத்தோல் ஒரே சலவையில் விறைத்துவிடும். செயற்கை இழையில் ஆட்டுத்தோல் போலவே செய்த விரிப்புகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவை பார்வைக்கு மட்டுமே ஆட்டுத்தோல். அவற்றுக்கு இந்தப் பயன் கிடையாது.

என் கருத்தைக் கேட்டால், கையில் உள்ள பணத்தை முதலில் நல்ல காற்றுப் படுக்கைக்கும், அம்மாவின் உணவில் போதிய புரதத்துக்கும், இரவில் உங்களுக்கு உதவ ஓர் ஆளுக்கும் செலவிடுங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பதை எந்த விரிப்பும் ஈடுசெய்யாது. இவற்றுக்குப் பிறகும் வசதி இருந்தால் ஆட்டுத்தோல் வாங்குங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்து, புரட்டும் முறையை அவர்களிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். நான்கு மாதங்களாகத் தனியாகச் சுமக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உதவி கேட்பதில் தயங்க வேண்டாம்.

*

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு பித்தவெடிப்பு அதிகமாகிவிட்டது. லனோலின் கலந்த களிம்பு நல்லது என்கிறார்கள். அது ஆட்டின் கொழுப்பாமே, தடவலாமா? நான் இதுவரை தேங்காய் எண்ணெய்தான் தடவிவருகிறேன்.
(வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: தடவலாம் அம்மா. செம்மறியின் தோல் சுரந்து ரோமத்தின் மேல் படியும் மெழுகு போன்ற பொருள்தான் லனோலின். ரோமத்தைக் கழுவும்போது அதைப் பிரித்தெடுக்கிறார்கள். அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை. சர்க்கரை நோய் வியர்வை நரம்புகளையும் பாதிப்பதால் குதிகால் தோல் காய்ந்து வெடிக்கிறது. அந்தத் தோலிலிருந்து ஈரம் வெளியேறாமல் லனோலின் மூடிவைக்கும். வெடிப்பு ஆழமாகவும் தோல் தடித்தும் இருந்தால், 10 சதவீதம் யூரியா கலந்த களிம்பு அதைவிட நன்றாக மென்மையாக்கும். தேங்காய் எண்ணெயைத் தொடர்வதிலும் தவறில்லை. எதைத் தடவினாலும் குளித்துத் துடைத்த சில நிமிடங்களுக்குள் தடவுங்கள். விரல் இடுக்குகளில் தடவாதீர்கள். தடவிய காலோடு தரையில் நடந்து வழுக்கி விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு லனோலின் ஒவ்வாது. குறிப்பாகக் காலில் நாள்பட்ட புண்ணோ கரப்பானோ இருந்தவர்களுக்கு. முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி மூன்று நான்கு நாள் பார்த்துவிட்டுப் பாதத்தில் பயன்படுத்துங்கள். வெடிப்பில் இரத்தமோ நீரோ கசிந்தால் களிம்பு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். தடித்த தோலைப் பிளேடால் சீவுவதும், கால் ஆணிக்கு மருந்துக் கடைப் பிளாஸ்திரி ஒட்டுவதும் உங்களுக்குக் கூடவே கூடாது.

*

கேள்வி: அப்பாவின் பழைய கம்பளியைப் போர்த்தினாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். எனக்குக் கம்பளி ஒவ்வாமை என்றால், கம்பளிக் காலுறையும் ஆகாதுதானே? சாலையோரக் கடையில் வாங்கிய ‘உல்லன் சாக்ஸ்’ மட்டும் அரிக்கவில்லை. அது எப்படி?
(வாசகர், பண்ருட்டி)

பதில்: ஐயா, கம்பளியால் வரும் அரிப்பில் பெரும்பகுதி ஒவ்வாமை இல்லை. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் தடித்த ரோமத்தின் நுனிகள் வளையாமல் தோலைக் குத்துகின்றன. நம் வட்டாரத்தில் மேயும் மெட்ராஸ் ரெட் செம்மறிக்கு உடலில் இருப்பது முடிதான்; நெய்வதற்குரிய கம்பளி அதில் கிடையாது. பெரம்பலூர், திருச்சிப் பக்கத்தில் வளரும் திருச்சி கறுப்பு ஆட்டின் ரோமம் முரட்டு ரகம். போர்வைக்கும் விரிப்புக்கும் ஏற்றது. ஆட்டு மந்தையோடு இரவில் வயல்வெளியில் கிடப்பவர்களுக்கு அந்தக் கம்பளியைப் போல் துணை வேறு இல்லை. ஆனால் உணர்வு குறைந்த பாதத்தின் மேல் அது படக் கூடாது. உராய்ந்தாலும் தெரியாது என்பதால் தோல் சிவந்துவிடும். உதகைப் பக்கத்து நீலகிரி ஆட்டின் ரோமம் மெல்லியது. மெரினோ அதைவிடவும் மெல்லியது.

சாலையோரத்தில் வாங்கியது பெரும்பாலும் அக்ரிலிக்காக இருக்கும். சோதிக்க வேண்டுமானால் காலுறையின் உள்ளிருந்து ஒரு நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டச் சொல்லுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வந்து, சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். விரல் நுனி மரத்துப்போனவர்கள் இந்தச் சோதனையைத் தாங்களே செய்ய வேண்டாம்.

*

கேள்வி: கம்பளிக் காலுறையை எப்படித் துவைப்பது? இயந்திரத்தில் போட்டதில் ஒரு ஜோடி குழந்தை அளவுக்குச் சுருங்கிவிட்டது.
(வாசகி, அரியாங்குப்பம்)

பதில்: கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற அடுக்குகள் இருக்கின்றன. வெந்நீரும் வேகமான சுழற்சியும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துணி சுருங்கும், திரும்ப விரியாது. பச்சைத் தண்ணீரில், காரம் குறைந்த திரவ சோப்பில், அலசி எடுத்துப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். நிழலில் படுக்கப் போட்டு உலர்த்துங்கள். சுருங்கியதை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். இறுகிய காலுறை இரத்த ஓட்டம் குறைந்த பாதத்துக்குத் தீங்கு. கடற்கரைக்குப் போய்வந்தால் துவைப்பதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பி உதறுங்கள். மணலும் நெருஞ்சி முள்ளும் கம்பளியில் பருத்தியைவிட அதிகமாகச் சிக்கிக்கொள்ளும். அணிவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவும் வேலையை, கையிலும் உணர்வு குறைந்தவராக இருந்தால், வீட்டில் வேறொருவர் செய்ய வேண்டும்.

*

கேள்வி: ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் பாடலீசுவரர் கோயிலுக்குச் செல்வது என் வழக்கம். கோடையில் பிரகாரத்துக் கல் கொதிக்கிறது. ஆனால் எனக்கு அவ்வளவாகச் சூடு தெரிவதில்லை. 20 ஆண்டுகளாகச் சர்க்கரை. தடித்த கம்பளிக் காலுறை அணிந்து சுற்றலாமா?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: ஐயா, மற்றவர்கள் ஓடி ஓடிக் கடக்கும் கல்லில் உங்களுக்குச் சூடு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து நாங்கள் கண்டறிவதை, கோயில் கல் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அந்தச் சோதனையையும், காலின் இரத்த ஓட்டச் சோதனையையும் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். கடலூர் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ கேட்டால் வழிகாட்டுவார்கள்.

முதல் பதிலில் காலுறையோடு மட்டும் நடக்கக் கூடாது என்று எழுதினேன். கோயிலில் செருப்பணிய வழியில்லை என்பதால், வெறுங்காலா காலுறையா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது தடித்த கம்பளிக் காலுறை மேல். கம்பளி சூட்டை மெதுவாகவே கடத்தும், செயற்கை இழை போல உருகித் தோலில் ஒட்டாது. அடியில் வழுக்காத புள்ளிகள் பதித்ததாக வாங்குங்கள்; எண்ணெய் சிந்திய கல்லில் கம்பளி வழுக்கும். ஆனாலும் அது ஒரு சுற்றுக்கான பாதுகாப்புதான். நண்பகல் வெயிலில் நின்று காத்திருப்பதற்கு ஆகாது. பிரதோஷ வேளை மாலை நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை என்பதால், சித்திரையில் கல் அப்போதும் தணிந்திருக்காது. உட்பிரகாரத்து நிழலில் நின்று தரிசனம் செய்யுங்கள், வெளிப்பிரகாரத்தை விளக்கேற்றிய பிறகு சுற்றுங்கள். ஆடி மாதத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்க வேண்டிக்கொண்டிருந்தால், அந்த வேண்டுதலைப் பூசாரியிடம் சொல்லி வேறொரு நேர்த்திக்கடனாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலை மனைவியையோ பிள்ளைகளையோ பார்க்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடியுங்கள். சூட்டுக் கொப்புளம் உடனே எழும்பாமல் சில மணி நேரம் கழித்தும் எழும்பலாம் என்பதால், மறுநாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள். கொப்புளம் தெரிந்தால் குத்தி உடைக்காமல், மேலே சுத்தமான துணியைச் சுற்றி, அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள்.